வீட்டில் கட்டிய பிக்கப்பை ரூபிகான் டிரெயிலுக்கு எப்படித் தயார் செய்வது?

வணக்கம். அடுத்த கேள்வியை சாக்ரமெண்டோவிலிருந்து ஒரு நண்பர் அனுப்பியிருக்கிறார். நீளமான கேள்வி, சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அவரும் அவர் தம்பியும் சேர்ந்து 1985 டொயோட்டா பிக்கப் ஒன்றை வீட்டுக் கராஜிலேயே ஆஃப்ரோடு வண்டியாக மாற்றியிருக்கிறார்கள். கமான் பட்டைகளை மாற்றி வண்டியை உயர்த்தி, 35 அங்குல டயர் போட்டிருக்கிறார்கள். பிந்தைய வருட வண்டி ஒன்றிலிருந்து ஸ்டியரிங் பாக்ஸை எடுத்து, கம்பிகளை ஆக்சிலுக்கு மேலே தூக்கி அமைத்திருக்கிறார்கள். எஞ்சின் பழைய 22ஆர், கார்புரேட்டர் உள்ளது. ஆக்சில் கியர் விகிதம் கம்பெனியில் வந்த 4.10 அப்படியே இருக்கிறது. சிக்கிய வண்டியைக் கயிறு சுற்றி இழுக்கும் வின்ச் வாங்கியாயிற்று. ஆகஸ்டில் ரூபிகான் என்ற கரடுமுரடான பாறைப் பாதைக்குப் போகிறார்கள். "இன்னும் என்னென்ன வாங்க வேண்டும், லைட் பார் (வண்டியில் மாட்டும் நீளமான விளக்கு வரிசை) அவசியமா?" என்பது கேள்வி.

முதலில் என் மகிழ்ச்சியைச் சொல்லிவிடுகிறேன். அந்த டிரெயிலுக்கு மிகவும் பொருத்தமான வண்டியைத்தான் எடுத்திருக்கிறீர்கள். அமெரிக்காவில் விற்ற நாலு சக்கர இயக்க டொயோட்டா பிக்கப்பில் முன்பக்கம் ஒரே துண்டு ஆக்சில் வந்தது 1985 வரைக்கும்தான். 1986 முதல் இரண்டு சக்கரமும் தனித்தனியாக ஆடும் அமைப்புக்கு மாறிவிட்டார்கள். அதனால்தான் உங்கள் வருட வண்டிக்கு இன்றைக்கும் இவ்வளவு கிராக்கி.

சரி, இப்போது கேள்விக்கு வருவோம். லைட் பார் வேண்டாம். ரூபிகானில் இருட்டிய பிறகு ஓட்டாமல் இருப்பதே நல்லது, நடுவில் தங்க நல்ல இடங்கள் இருக்கின்றன. இன்றிலிருந்து கொஞ்ச நாளைக்கு எதையுமே வாங்காமல், இதுவரை மாட்டியதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். கம்பெனி வண்டியில் எந்த நட்டை எவ்வளவு முறுக்க வேண்டும் என்று புத்தகம் இருக்கிறது. ஆயிரக்கணக்கான பேர் அதை ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள். உங்கள் வண்டியைப் போல உலகத்தில் இன்னொரு வண்டி கிடையாது. அது எங்கே விட்டுக்கொடுக்கும் என்று யாருக்கும் தெரியாது. அதைக் கிரானைட் பாறைகளுக்கு நடுவில் தெரிந்துகொள்ளாமல் கராஜிலேயே தெரிந்துகொள்ள வேண்டும்.

ரூபிகான் தெரியாதவர்களுக்காக ஒரு வரி. கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலையில் லூன் ஏரியிலிருந்து தாஹோ ஏரிப் பக்கம் இறங்கும் சுமார் 35 கிலோமீட்டர் பாதை அது. எல் டொராடோ கவுண்டி 1887-லேயே அதைப் பொது வழியாக அறிவித்திருக்கிறது. 1953-லிருந்து அங்கே ஜீப்பர்ஸ் ஜாம்போரி என்ற ஜீப்காரர்களின் கூட்டுப் பயணம் நடக்கிறது. ஜீப் ராங்ளரில் "ரூபிகான்" என்ற மாடல் 2003-இல் வந்ததும் இந்தப் பாதையின் பெயரில்தான். தூரம் குறைவு என்று நினைக்காதீர்கள். பெரும்பாலானவர்கள் இரண்டு நாள் எடுத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலான இடத்தில் செல்போன் சிக்னல் கிடையாது, ஒர்க்‌ஷாப்பும் கிடையாது.

உங்கள் வண்டியில் நான் முதலில் பார்க்கச் சொல்லும் இடம் முன் ஆக்சிலின் நக்கிள், அதாவது சக்கரத்தைத் திருப்பும் மூட்டு. ஸ்டியரிங் கம்பியை மேலே தூக்கியிருக்கிறீர்கள் இல்லையா, அந்தக் கம்பி பிடிக்கும் கை நக்கிளின் தலையில் நான்கு ஸ்டட்டில்தான் (தலையில்லாத போல்ட்) உட்கார்ந்திருக்கிறது. ஒவ்வொரு ஸ்டட்டிலும் கூம்பு மாதிரி ஒரு வாஷர் இருக்கும், அதன் மேல்தான் நட்டு. புதிதாக மாட்டியவுடன் நன்றாக இறுக்கியிருப்பீர்கள். ஆனால் வண்டி கொஞ்சம் ஓடியதும் அந்தக் கூம்பு வாஷர் இன்னும் உள்ளே இறங்கி உட்காரும், நட்டின் இறுக்கம் குறைந்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. அந்தத் தளர்ச்சியோடு 35 அங்குல டயரைப் பாறை இடுக்கில் வைத்து ஸ்டியரிங்கைத் திருப்பினால் மொத்தப் பளுவும் ஸ்டட்டின் மரை மேல் விழும். ஒன்று அறுந்தால் மற்ற மூன்றும் அதிக நேரம் தாங்காது. அப்புறம் வண்டிக்கு ஸ்டியரிங்கே இல்லை.

சோதிப்பது சுலபம். வண்டி தரையில் நிற்கட்டும். தம்பி உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கை இடமும் வலமுமாக லேசாக ஆட்டட்டும். நீங்கள் அந்தக் கையும் நக்கிளும் சேரும் விளிம்பில் விரல் நுனியை வையுங்கள். இரண்டும் ஒன்றாக அசைய வேண்டும். நடுவில் மயிரிழை அசைவு விரலில் பட்டாலும் கழற்றி, மரையைச் சுத்தம் செய்து, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்துத் திரும்ப இறுக்குங்கள். பிறகு ஸ்டட், நட்டு, கை மூன்றின் மேலும் சேர்த்து ஒரே கோடாகப் பெயின்ட் இழுத்துவிடுங்கள். டிரெயிலில் வண்டி நிற்கும்போதெல்லாம் குனிந்து கோட்டைப் பார்த்தால் போதும். கோடு உடைந்திருந்தால் நட்டு நகர்ந்திருக்கிறது. கமான் பட்டையை ஆக்சிலோடு கட்டும் யூ போல்ட், ஸ்டியரிங் பாக்ஸ் போல்ட், டிரைவ் ஷாஃப்ட் போல்ட் எல்லாவற்றுக்கும் இதையே செய்யுங்கள். ஸ்டியரிங் பாக்ஸ் உட்கார்ந்திருக்கும் இடத்தில் சேஸிஸில் விரிசல் இருக்கிறதா என்றும் டார்ச் அடித்துப் பாருங்கள். பெரிய டயர் போட்ட பழைய பிக்கப்புகளில் அந்த இடம் கிழிவது சகஜம். அங்கே தகடு வைத்து வெல்டிங் செய்யவில்லை என்றால் கிளம்புவதற்கு முன்னால் செய்தே ஆக வேண்டும்.

அடுத்த சோதனைக்குப் பாதி நாள் ஒதுக்குங்கள். சமதளத்தில் முன் இடது சக்கரத்தையும் பின் வலது சக்கரத்தையும் ஜாக்கி போட்டு, சஸ்பென்ஷன் எவ்வளவு மடங்குமோ அவ்வளவு தூக்குங்கள். மற்ற இரண்டு சக்கரத்துக்கும் கட்டை கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்ட் வையுங்கள், இது ரொம்ப முக்கியம். பாறை மேல் வண்டி எப்படி முறுக்கிக்கொண்டு நிற்குமோ அப்படி இப்போது நிற்கும். பிரேக் ஹோஸ் இழுபட்டு விறைப்பாக இருக்கிறதா? வண்டியை உயர்த்திவிட்டுப் பழைய ஹோஸையே விட்டிருந்தால் இங்கே தெரிந்துவிடும். சக்கரம் தொங்கும் பக்கம் டிரைவ் ஷாஃப்ட் நீளும். அதில் ஒன்றுக்குள் ஒன்று செருகி நகரும் ஸ்ப்லைன் பற்கள் நுனியில் மட்டும் பிடித்திருந்தால் டிரெயிலில் கழன்று விழும். இதே நிலையில் ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்புங்கள். டயர் எங்கே உரசுகிறது, கம்பி எங்கே இடிக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மற்ற பக்கத்துக்கும் இதையே செய்யுங்கள்.

பேட்டரிக்கும் ஒரு வார்த்தை. அதை ரப்பர் கயிற்றில் கட்டிய வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். வண்டி சாயும்போது பேட்டரி நகர்ந்து பானட்டில் முனை பட்டால் தீதான். இரும்புப் பட்டை போட்டு போல்ட் அடியுங்கள். தீயணைப்பான் ஓட்டுநர் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

இப்போது கார்புரேட்டர். சமதளத்தில் 22ஆர் அருமையாக ஓடும். மூக்கு வானத்தைப் பார்த்து ஏறும்போது கார்புரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் ஒரு பக்கமாகச் சாய்ந்து, எஞ்சின் பெட்ரோல் குடித்தே அணைந்துவிடும். மேற்கிலிருந்து போகிறவர்களுக்கு ரூபிகான் ஸ்பிரிங்ஸ் தாண்டியதும் கேடிலாக் ஹில் ஏற்றம் வரும். ஒரு பக்கம் மலை, மறு பக்கம் பள்ளம். அங்கே எஞ்சின் அணைந்தால் பவர் ஸ்டியரிங் போய்விடும், பிரேக் பூஸ்டரும் ஓரிரு மிதிக்கு மேல் உதவாது. அதனால் கிளம்புவதற்கு முன்பே ஒரு செங்குத்தான சரிவில் வண்டியை நிறுத்தி, சில நிமிடம் ஐடிலில் ஓடவிட்டுப் பாருங்கள். பக்கவாட்டில் சாய்த்தும் பாருங்கள். திணறினால் கிண்ணத்தில் பெட்ரோல் மட்டத்தைக் கட்டுப்படுத்தும் ஃப்ளோட்டின் அளவைத் திருத்துங்கள். கிளட்ச் மிதிக்காமலே ஸ்டார்ட் செய்யும் வசதி உங்கள் வண்டியில் இருந்தால், அது வேலை செய்கிறதா என்று பார்த்து வையுங்கள். லோ ரேஞ்சில் (மெதுவாக, அதிக வலுவோடு ஓட்டும் நிலை) முதல் கியர் போட்டபடியே சாவியைத் திருப்பினால், வண்டி பின்னால் உருளாமல் ஸ்டார்ட்டர் வேகத்திலேயே முன்னால் நகரும்.

இனி பெரிதாகக் காசு செலவழிக்க வேண்டிய ஒரே இடம்: கியர். உங்கள் வண்டியின் ஐந்து கியர் பெட்டியில் முதல் கியர் ஏறக்குறைய 3.95, எஞ்சின் வலுவை முன், பின் ஆக்சிலுக்குப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸின் லோ ரேஞ்ச் 2.28, ஆக்சில் 4.10. மூன்றையும் பெருக்கினால் சுமார் 37 வரும், அதாவது எஞ்சின் 37 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. அதுவும் கம்பெனி கொடுத்த சின்ன டயருக்கான கணக்கு. 35 அங்குலம் போட்டதும் அதன் பலன் 30 அளவுக்கு இறங்கிவிட்டது. இதில் பாறை மேல் மெதுவாக ஊர முடியாது, கிளட்சைத் தேய்க்க வேண்டும் அல்லது வேகமெடுத்துக் குதிக்க வேண்டும். குதித்து இறங்கும் சக்கரம், முழுதாகத் திருப்பிய ஸ்டியரிங், மிதித்த ஆக்சிலரேட்டர், இந்த மூன்றும் சேர்ந்தால் முன் ஆக்சிலில் திரும்பும் சக்கரத்துக்கு வலுவைக் கொடுக்கும் பர்ஃபீல்ட் ஜாயின்ட் உடையும். டிரான்ஸ்ஃபர் கேஸில் மட்டும் 4.70 கியர் செட் போட்டால் 37 என்பது 76 ஆகிவிடும். லைட் பாருக்கு வைத்த காசோடு இன்னும் சேர்த்து இதைச் செய்யுங்கள். இந்த வருடம் முடியாவிட்டால் பரவாயில்லை, பழைய கியரோடும் போகலாம். ஆனால் கடினமான இடத்தில் மாற்று வழி இருந்தால் கௌரவம் பார்க்காமல் அதில் போய்விடுங்கள்.

உதிரி பாகம் விஷயத்தில் வீட்டு வண்டிக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உங்களோடு நான்கு ஜீப் வருகிறது என்று வையுங்கள், ஒன்றில் ஏதாவது உடைந்தால் இன்னொரு ஜீப்பில் அதே பாகமோ கருவியோ இருக்கும். உங்களுக்கு யாரிடமும் இருக்காது. ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்து, எந்த பாகம் எந்த வருட வண்டியிலிருந்து வந்தது, பெல்ட் நம்பர் என்ன, ரேடியேட்டர் ஹோஸ் எதனுடையது என்று எழுதி வண்டியிலேயே வையுங்கள். பர்ஃபீல்டோடு சேர்த்துப் பூட்டிய உதிரி ஆக்சில் ஷாஃப்ட் ஒன்று வேண்டும். அதை மாற்ற முன் ஹப் நட்டைக் கழற்றும் 54 மில்லிமீட்டர் சாக்கெட் வேண்டும், ஜீப்காரரிடம் அது இருக்காது. டொயோட்டா போல்ட் எல்லாம் மில்லிமீட்டர், நீங்கள் ஹார்டுவேர் கடையில் வாங்கிப் போட்டது அங்குலக் கணக்கு. இரண்டு வகை ஸ்பேனரும் எடுத்துக்கொள்ளுங்கள்.

வின்ச்சைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். சாமான், ஆள், பெட்ரோல் எல்லாம் ஏற்றி லாரி எடை மேடையில் வண்டியை நிறுத்தி எடை பாருங்கள். அதில் ஒன்றரை மடங்கு இழுக்கும் வின்ச்தான் போதுமானது. பெட்டி மேல் எழுதிய அளவு, டிரம்மில் ஒரே அடுக்கு கயிறு இருக்கும்போது கிடைப்பது. யாரையும் டிரெய்லர் உருண்டையில் கயிறு மாட்டி இழுக்கவிடாதீர்கள். அது பிய்ந்து பறந்து ஆள் உயிர் போயிருக்கிறது. டயர் காற்றை டிரெயில் ஆரம்பத்தில் 12 பவுண்டு அளவுக்கு இறக்குங்கள், திரும்ப நிரப்ப கம்ப்ரசர் வேண்டும். பாறை நடுவே வழி சொல்ல ஒரே ஒருவர் இறங்கட்டும், ஓட்டுபவர் அவர் கையை மட்டும் பார்க்கட்டும்.

எண்ணெய் உறிஞ்சும் துணிகள் கொண்ட ஸ்பில் கிட், மலக்கழிவைப் பையில் கட்டி எடுத்து வரும் ஏற்பாடு, இரண்டையும் தயவுசெய்து மறக்காதீர்கள். எண்ணெய்க் கசிவு, கழிவு, மண் அரிப்பு ஆகியவற்றால் தண்ணீர் கெடுகிறது என்று 2009-இல் மாநிலத்தின் சென்ட்ரல் வேலி மண்டல நீர்த்தர வாரியம் இந்த டிரெயில் மேல் சுத்திகரிப்பு உத்தரவே போட்டது. டிரெயிலை மூடாமல் காப்பாற்ற எத்தனையோ தன்னார்வலர்கள் வியர்வை சிந்தியிருக்கிறார்கள். டிஃபரன்ஷியல் கவரை ஒரு பாறை கிழித்தால் அந்த எண்ணெய் போய்ச் சேரும் இடம் ஆறுதான். புதிய கேஸ்கெட் போட்டு, கசிவு இல்லாத வண்டியாகக் கொண்டு போங்கள்.

இதெல்லாம் முடிந்ததும் நேரே மலைக்குப் போகாதீர்கள். உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே ராஞ்சோ கோர்டோவாவில் பிரெய்ரி சிட்டி ஆஃப்ரோடு பூங்கா இருக்கிறது, அங்கே நாலு சக்கர வண்டிக்குத் தனித் தடம் உண்டு. ஜூலையில் ஒரு முழு நாள், டிரெயிலுக்குக் கொண்டு போகும் அதே சாமான்களை ஏற்றி ஓட்டுங்கள். திரும்பி வந்து பெயின்ட் கோடுகளை எல்லாம் பாருங்கள். அங்கே ஏதாவது உடைந்தால் சந்தோஷப்படுங்கள், ஒரு மணி நேரத்தில் வீட்டுக்கு இழுத்துக்கொண்டு வந்துவிடலாம். கேள்வியோடு அனுப்பிய படத்தில் முன் பிரேக் ஹோஸ் எனக்குக் கொஞ்சம் குட்டையாகத் தெரிகிறது. ஜாக்கி போட்டுச் சக்கரத்தைத் தொங்கவிட்டு அந்த இடத்தை மட்டும் கிட்டத்தில் படம் எடுத்து அனுப்புங்கள், பார்த்துவிட்டு எந்த நீளம் வேண்டும் என்று சொல்கிறேன்.