கமோ ஆற்றில் ஐந்நூறு யென்

(நூலக வாசகர் வட்ட ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எட்டாம் வகுப்பில் எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவரும், அதில் நான் வாங்கிய மதிப்பெண்ணை இந்த மேடையில் வெளியிடாமல் காத்தவருமான விழாத் தலைவர் ஐயா அவர்களே, இன்னும் இரண்டு விழாக்கள் காத்திருக்க இங்கே வந்து அமர்ந்திருக்கும் நகர்மன்றத் தலைவர் அம்மா அவர்களே, காலையிலிருந்து இந்த நாற்காலிகளைத் தம் கையாலேயே துடைத்துப் போட்ட நூலகர் அவர்களே, வரவேற்புரையில் என்னை ‘ஜப்பான் நிபுணர்’ என்று சொல்லி மிரள வைத்த செயலாளர் அவர்களே, முன்வரிசை மாணவர்களே, அவர்களைக் கண்காணிக்கப் பின்வரிசையில் இருக்கும் பெற்றோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

பொன்னாடைக்கு நன்றி. இதோடு என் வீட்டு அலமாரியில் பதினான்கு ஆகிறது. ‘ஆற்றில் போட்டாலும் அளந்து போடு’ என்பார் என் பாட்டி. தோளில் போட்டாலும் அப்படித்தான். அடுத்த ஆண்டு அந்தக் காசுக்குக் கணக்கு நோட்டு வாங்கி, முன்வரிசைக்குக் கொடுங்கள். எதற்கு என்று சொல்கிறேன்.

ஜப்பானில் ஒரு மாணவனின் அன்றாட வாழ்வும் வார இறுதியும் என்பது எனக்குக் கொடுத்த தலைப்பு. படிப்பு, சாப்பாடு, ஞாயிற்றுக்கிழமை என்று மூன்றாகப் பிரித்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

முதலில் படிப்பு. 2012 ஏப்ரலில் கியோட்டோவுக்குப் போனேன். அங்கே கல்வியாண்டு ஏப்ரலில்தான் தொடங்குகிறது. ஒரு வகுப்பு 90 நிமிடம். தேசியப் பல்கலைக்கழகங்களில் அன்று ஆண்டுக் கட்டணம் 5,35,800 யென், சேரும்போது 2,82,000 யென். இந்த இரண்டு எண்களும் கல்விக் கடன் தாளின் பின்புறம் அப்பாவின் கையெழுத்தில் இன்றும் இருக்கின்றன. மற்றபடி ஆய்வுக்கூடம் எந்த ஊரிலும் ஆய்வுக்கூடம்தான். பேராசிரியர் கிளம்பும்வரை மாணவர் கிளம்புவதில்லை. மாணவர் இருக்கிறாரே என்று பேராசிரியரும் கிளம்புவதில்லை. படிப்பு இவ்வளவு போதும்.

மாணவர் விசாவில் இருப்பவர் தனி அனுமதி பெற்று வாரத்துக்கு 28 மணி நேரம் வேலை பார்க்கலாம். நீண்ட விடுமுறையில் நாளுக்கு எட்டு மணி நேரம். இந்தப் பகுதிநேர வேலையைப் ‘பைத்தோ’ என்பார்கள், ‘ஆர்பைட்’ என்ற ஜெர்மன் சொல்லைக் கடன் வாங்கித் தலையை வெட்டிக்கொண்டது. நான் ‘உதொன்’ என்ற கோதுமை நூடுல்ஸ் விற்கும் கடையில் கிண்ணம் கழுவினேன், மணிக்கு 800 யென். அரக்குப் பூசிய கிண்ணத்தைச் சுடுநீரில் ஊறவிடக் கூடாது என்பதைக் கற்க எனக்கு ஒரு வாரமும் கடைக்காரருக்கு இரண்டு கிண்ணங்களும் ஆயின.

அந்தக் கடையில் நான் சாப்பிட முடியாது. வெறும் காய்கறி உதொன் என்பார்கள். சாற்றில் சூரை மீன் இருக்கும். துவரம்பருப்பும் பெருங்காயமும் வேண்டுமென்றால் இந்தியர்கள் நெடுங்காலமாக வாழும் கோபே நகருக்கு ரயிலேற வேண்டும். போக மட்டும் ஏறக்குறைய ஆயிரம் யென். பருப்பைவிட டிக்கெட் விலை அதிகம். மீதி நாட்களில் சூப்பர் மார்க்கெட். இரவு எட்டு மணிக்கு மேல் ஊழியர் ஒருவர் ஸ்டிக்கர் கட்டோடு வருவார். ‘ஹங்காகு’, பாதி விலை. நாங்கள் நாலைந்து பேர் தயிர் டப்பாவில் தேதி பார்ப்பதுபோல் அங்கேயே சுற்றிக்கொண்டிருப்போம். முன்பே எடுத்தால் முழு விலை, அசந்தால் அடுத்தவர் கூடையில்.

என் அறையில் திருநெல்வேலி அண்ணன் ஒருவர் இருந்தார். போன முதல் இரவே ஒரு நோட்டைக் கையில் கொடுத்து, “தம்பி, இதை எழுதாமல் படுக்காதே” என்றார். வரவு ஒரு பக்கம், செலவு ஒரு பக்கம்.

இப்போது அந்த நோட்டின் கதை. ஜூன் மாதம், ஞாயிற்றுக்கிழமை. கமோ ஆறும் தகானோ ஆறும் கூடுமிடத்தில், ஆமை வடிவில் கல் செய்து ஆற்றின் குறுக்கே போட்டிருக்கிறார்கள். ஒவ்வோர் ஆமையாகத் தாண்டி அக்கரை போகலாம். ஒரு கையில் பன், மறு கையில் மீதிச் சில்லறையாக வந்த ஒரே ஒரு 500 யென் நாணயம். அந்த நாட்டு நாணயங்களில் அதுதான் பெரிய மதிப்பு. பருந்து ஜாக்கிரதை என்று கரையில் அறிவிப்பு இருந்தது. எனக்குத்தான் அப்போது எழுத்துத் தெரியாதே! மூன்றாவது ஆமையில் நிற்கும்போது பின்னாலிருந்து பாய்ந்த பருந்து பன்னைக் கொண்டுபோனது. பதறியதில் நாணயம் ஆற்றுக்குள் போயிற்று.

நான் தண்ணீரில் இறங்கித் துழாவினேன். கரையில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் எழுந்தார். காலணியைக் கழற்றினார். காலுறையை மடித்து அதனுள் வைத்தார். கால்சட்டையை முழங்கால்வரை அளவெடுத்ததுபோல் சுருட்டிவிட்டு இறங்கினார். என்ன தொலைந்தது என்று பிறகுதான் கேட்டார். சொன்னேன். “மொத்தைனாய்” என்றார், வீணாகலாமா என்று பொருள். பள்ளிப் பிள்ளைகள் இருவர் சேர்ந்துகொண்டார்கள். குடை பிடித்த அம்மையார் ஒருவர் ஆமை மேல் நின்று, எங்கெல்லாம் மின்னுகிறதோ அங்கெல்லாம் கை காட்டினார். எல்லாம் வெயில். அரைமணி நேரத்தில் கிடைத்தவை: ஒரு கோலிக்குண்டு, ஒரு சைக்கிள் சாவி, பச்சை பிடித்த பத்து யென். அந்தப் பத்து யென்னைப் பெரியவர் துடைத்து, இரண்டு கையாலும் ஏந்தி, தலை தாழ்த்தி என்னிடம் கொடுத்தார். நானும் தாழ்ந்து வாங்கிக்கொண்டேன்.

இரவு நோட்டில் எழுதினேன். வரவு: ஆறு, 10. செலவு: ஆறு, 500. மாதக் கடைசியில் அண்ணன் கூட்டிப் பார்த்தார். “ஆறு ஐந்நூறா? ஆறு என்ன வாங்கினாய், மாம்பழமா?” என்றார். விவரம் சொன்னதும் பாட்டியின் பழமொழியை அவரே சொல்லிச் சிரித்தார்: ஆற்றில் போட்டாலும் அளந்து போடு!

சிரித்தீர்கள், நன்றி. ஆனால் அந்த நோட்டு அண்ணன் கண்டுபிடித்ததில்லை. ஹானி மோதோகோ என்ற பெண்மணி, ஜப்பானின் முதல் பெண் பத்திரிகையாளர் என்று போற்றப்படுபவர், 1904-இல் வீட்டுக் கணக்கு நோட்டு ஒன்றை வடிவமைத்து வெளியிட்டார். ‘ககேய்போ’ என்று இன்றும் புத்தாண்டையொட்டிப் புத்தகக் கடைகளில் அடுக்கியிருக்கும். கோயிலுக்குப் போனால்கூட ஜப்பானியரில் பலர் போடுவது ஓட்டை போட்ட ஐந்து யென். ‘கோ-என்’ என்றால் ஐந்து யென். அதே ஒலிக்கு நல்ல உறவு என்றும் பொருள் உண்டு. சாமிக்கும் அளந்துதான்.

ஆகவே நகர்மன்றத் தலைவர் அம்மாவிடம் ஒரு மனு. நம் நகராட்சிப் பள்ளிகளில் ஆறாம் வகுப்பு முதல் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கணக்கு நோட்டு. வாரம் ஒரு வகுப்பு. இதைப் பதினோரு மேடைகளில் கேட்டுவிட்டேன். வெளிநாட்டில் கடனோடு தடுமாறும் பிள்ளைகள் பலரை எனக்குத் தெரியும். அவர்களுக்கு வருமானத்தைவிட, பணம் எங்கே போகிறது என்பது தெரியாததே பெரிய தொல்லை.

ஞாயிற்றுக்கிழமை பாக்கி இருக்கிறது. சாதாரண ரயில்களில் ஐந்து நாள் நாடு முழுக்கச் சுற்ற ஒரு டிக்கெட், அன்றைய விலை 11,500 யென், அதில் நான் ஹிரோஷிமா போனது… தலைவர் ஐயா இரண்டாம் முறை மணியைத் தொட்டுவிட்டார். எட்டாம் வகுப்பிலிருந்தே அந்தக் கைக்குப் பயம்.

வாசலில் மேசை போட்டிருக்கிறேன். நோட்டு இருபது ரூபாய். இலவசமாகக் கொடுத்தால் எழுத மாட்டீர்கள். தயவுசெய்து சில்லறையாகக் கொண்டுவாருங்கள். வணக்கம்.