கையில் பத்து லட்சம்: சாதாரணக் காரே சரி

நடுவர் அய்யா அவர்களுக்கும், எதிரணியில் அமர்ந்திருக்கும் நண்பர்களுக்கும், பொங்கல் விழாவுக்குக் குடும்பத்தோடு வந்து பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

தலைப்பை ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். "பத்து லட்சம் ரூபாய் வைத்திருக்கும் குடும்பம் வாங்க வேண்டியது பழைய சொகுசுக் காரா, சாதாரணக் காரா?" எதிரணித் தலைவர் மூன்று விஷயம் சொன்னார். அறுபது லட்சத்துக்கு விற்ற கார் பன்னிரண்டு வருஷத்தில் ஒன்பது லட்சத்துக்கு வருகிறது, நஷ்டமெல்லாம் முதல் ஓனருக்கு, லாபம் நமக்கு என்றார். அந்தக் கார்களின் கட்டுமானம் உயிரைக் காக்கும் என்றார். அப்புறம், சின்ன வயதிலிருந்து ஆசைப்பட்டவன் ஒரு தடவையாவது அந்த சீட்டில் உட்கார வேண்டாமா என்று கேட்டார். அதற்குத்தான் இங்கே பெரிய கைதட்டல். நானும் தட்டினேன். அந்த ஆசையை நான் குறைத்துப் பேசப் போவதில்லை.

நான் கோவையில் இருபத்திரண்டு வருஷமாக கார் உதிரிபாகக் கடை கவுன்ட்டரில் நிற்கிறவன். கார் ஓட்டுகிறவர்களின் சந்தோஷத்தை ஷோரூம்காரர்கள் பார்க்கிறார்கள். அவர்களுடைய கவலையை நாங்கள் பார்க்கிறோம். ஒருவர் வந்து, "அண்ணா, ஸ்விஃப்ட்டுக்கு முன் பிரேக் பேட்" என்றால், எங்கள் பையன் ஏணியில் ஏறி எடுத்துக்கொண்டு வருவதற்குள் அவர் டீ கூடக் குடித்து முடித்திருக்க மாட்டார். கம்பெனிப் பொருள் வேண்டுமா, வேறு நல்ல பிராண்ட் போதுமா என்று கேட்டு, இரண்டு மூன்று விலையில் எடுத்து வைப்போம். அதே கவுன்ட்டருக்குப் பன்னிரண்டு வருஷ ஜெர்மன் காரின் சொந்தக்காரர் வருகிறார். அவரிடம் முதலில் சேசிஸ் நம்பர், அதாவது அந்தக் காருக்கென்றே உள்ள அடையாள எண் கேட்போம். ஒரே மாடலில் ஒரே வருஷத்தில் இரண்டு மூன்று வகை பாகம் வந்திருக்கும். நம்பரை அனுப்பி, பதில் வாங்கி, முன்பணம் கட்டி, பொருள் வெளியூர் குடோனிலிருந்து வரவேண்டும். சில சமயம் வெளிநாட்டிலிருந்தே வரவேண்டும். விலையைச் சொன்னதும், "இதையே ரிப்பேர் பண்ண முடியாதா?" என்று மெதுவாகக் கேட்பார். அந்தக் கேள்வியை எத்தனையோ பேர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள்.

எதிரணியின் கணக்கு எங்கே தவறுகிறது என்று அந்த ஒரு கேள்வியிலேயே தெரிந்துவிடும். கார் பழசானால் காரின் விலை இறங்கும். அதன் உதிரிபாக விலை இறங்காது. ஒன்பது லட்சம் கொடுத்து வாங்கினாலும் அதில் மாட்ட வேண்டியது அறுபது லட்சம் காரின் ஹெட்லைட்தான். நஷ்டத்தை முதல் ஓனர் தாங்கினார் என்பது உண்மை. ஆனால் அவர் ஓட்டிய காலத்தில் பெரும்பகுதி வாரண்டி இருந்தது. பாகங்கள் தேய்ந்து மாற்ற வேண்டிய வயது வரும்போதுதான் அவர் விற்கிறார். அந்த வயதுக்குத்தான் நாம் சொந்தக்காரர் ஆகிறோம். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று நம் பெரியவர்கள் சொன்னது இதைத்தான்.

என் தாய்மாமா கதையைச் சொல்ல அவரிடமே அனுமதி வாங்கி வந்திருக்கிறேன். பொள்ளாச்சிப் பக்கம் இருக்கிறார். அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பணத்தில், எட்டரை லட்சத்துக்கு ஒரு பதினோரு வருஷக் காரை வாங்கினார். கம்பெனி பெயர் வேண்டாம். கறுப்பு நிறம், உள்ளே பழுப்புத் தோல் சீட், கதவைச் சாத்தினால் வெளிச் சத்தம் அப்படியே நின்றுவிடும். வாங்கி வந்த அன்றைக்குத் தெருவே கூடி நின்றது. அதை நான் மறைக்கவில்லை.

ஏழாவது மாதம், மார்கழி. அம்மிச்சிக்கு, அதாவது மாமாவின் அம்மாவுக்கு, கோவையில் கண் ஆபரேஷன், காலை எட்டு மணிக்கு அங்கே இருக்க வேண்டும். ஐந்து மணிக்கு மாமா வாசலுக்கு வந்து பார்க்கிறார். முன்பக்க வலது மூலை அப்படியே இறங்கி, முன்னங்காலை மடக்கிப் படுத்த மாடு மாதிரி கார் கிடக்கிறது. டயருக்கும் அதன் மேல் தகட்டுக்கும் நடுவே விரல் நுழைய இடமில்லை. அது ஏர் சஸ்பென்ஷன் கார். இரும்புச் சுருளுக்குப் பதிலாக ரப்பர் காற்றுப் பைகள் வண்டியைத் தாங்கும். புதிதில் அந்தச் சுகத்துக்கு ஈடே இல்லை. பத்து வருஷ வெயிலில் அந்த ரப்பர் மடிப்புகள் குதிகால் பித்தவெடிப்பு போல வெடிக்கும். நான் போய்ப் பார்த்தேன். சோப்புத் தண்ணீரைத் தெளித்ததும் வெடிப்பிலிருந்து சின்னச் சின்னக் குமிழி வந்துகொண்டே இருந்தது.

பை மட்டும் போயிருந்தால் பரவாயில்லை. காற்று கசியக் கசிய, அதை ஈடுகட்ட, பைகளுக்குக் காற்றடிக்கும் கம்ப்ரஸர் ஓயாமல் ஓடும். ஓடி ஓடி அதுவும் கருகும். மாமா காரில் அதுதான் நடந்தது. ஒரு பைக்கும் கம்ப்ரஸருக்கும் சேர்த்து வந்த எஸ்டிமேட் ஒரு லட்சத்து நாற்பதாயிரம். "மற்ற மூன்று பைகளும் அதே வயதுதான், பார்த்துக்கொள்ளுங்கள்" என்று மெக்கானிக் சொன்னார். அவர் நல்ல மனிதர், உண்மையைச் சொன்னார். அன்றைக்கு அம்மிச்சியைக் கோவைக்குக் கூட்டிப்போனது பக்கத்து வீட்டு வேகன் ஆர்.

இது மாமாவின் அதிர்ஷ்டம் கெட்ட கதை என்று எதிரணி சொல்லலாம். ஒரு கார் சரியில்லை என்றால் அதிர்ஷ்டம் எனலாம். வடிவமைப்பே அப்படி இருந்தால் என்ன சொல்வது? பி.எம்.டபிள்யூ 2007-ல் கொண்டுவந்த என்47 டீசல் எஞ்சினை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய கார் சந்தையில் நிறையக் கிடைக்கும் 320டி, 520டி கார்களில் இருந்த எஞ்சின். அதில் வால்வையும் பிஸ்டனையும் ஒத்து இயங்க வைக்கும் டைமிங் செயின் பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டி இருக்கிறது. அந்தச் செயின் சீக்கிரம் தேய்ந்தது, சில கார்களில் அறுந்தும் போனது. பல நாடுகளில் பேசப்பட்ட பிரச்சினை இது. செயினின் விலை பெரிதில்லை. அதைத் தொடுவதற்கே எஞ்சினையோ கியர்பாக்ஸையோ கீழே இறக்க வேண்டும். அறுந்துவிட்டால் வால்வும் பிஸ்டனும் மோதி எஞ்சினே போகும். எஞ்சினின் பின்பக்கத்திலிருந்து செயின் உரசும் சத்தம் வருகிறதா என்று காது வைத்துக் கேட்கத் தெரிந்த மெக்கானிக் நம் ஊரில் எத்தனை பேர்? கம்பெனி சர்வீஸ் சென்டரோ சென்னை, கோவை, மதுரை மாதிரிப் பெரிய ஊர்களில்தான். ராமேஸ்வரம் போகிற வழியில் வண்டி நின்றால் தட்டை லாரியில் ஏற்றிக்கொண்டுதான் வரவேண்டும்.

எதிரணியில் பேசிய சகோதரி, தில்லியிலிருந்து வரும் கார்கள் இங்கே இருப்பதைவிட இரண்டு லட்சம் மலிவு என்றார். ஏன் மலிவு என்பதையும் சொல்லியிருக்கலாம். பத்து வருஷம் தாண்டிய டீசல் காரும், பதினைந்து வருஷம் தாண்டிய பெட்ரோல் காரும் தில்லி வட்டாரத்தில் ஓடக்கூடாது என்று 2015-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது. 2018-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அப்புறம் அந்த விதி தளர்வதும் இறுகுவதுமாக இருக்கிறது. அந்தப் பயத்தில் அங்கே தள்ளிவிட்ட வண்டிகள்தான் தடையில்லாச் சான்றிதழோடு தெற்கே வருகின்றன. இங்கே பதிவை மாற்றும்போது நம் மாநில வாழ்நாள் வரியைத் தனியாகக் கட்ட வேண்டும். மிச்சமான இரண்டு லட்சத்தில் கணிசமான பங்கு அங்கேயே போய்விடும். வெள்ளத்தில் நின்ற கார்களும் இப்படித்தான் ஊர் மாறி வருகின்றன. 2015-லும் 2023 டிசம்பரிலும் சென்னையில் எவ்வளவு கார்கள் மூழ்கின என்று எல்லோருக்கும் தெரியும். சொகுசுக் கார்களில் சீட்டுக்கு அடியிலும் கார்ப்பெட்டுக்குக் கீழும் கம்ப்யூட்டர் பெட்டிகளும் வயர்களும் நிறைய. ஈரம் பட்டு ஒரு வருஷம் கழித்தும் அவை கோளாறு செய்யும். எந்தப் பழைய காரைப் பார்க்கப் போனாலும் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். துணியில் சேற்றுக் கோடு இருந்தால் பேசாமல் திரும்பி வந்துவிடுங்கள்.

இன்சூரன்ஸ் விஷயம் சுருக்கமாக. 2022 ஜூனில் வந்த கட்டணப்படி, நம் காரால் அடுத்தவருக்கு வரும் நஷ்டத்துக்கான மூன்றாம் நபர் காப்பீட்டுக்கு, எஞ்சின் அளவு 1000 சிசி வரையிலான காருக்கு வருஷம் 2,094 ரூபாய், 1500 சிசிக்கு மேல் போனால் 7,897 ரூபாய், வரி தனி. அதைவிட முக்கியமானது, வழக்கமான முழுக் காப்பீட்டில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதிப் பணம் நாம்தான் போட வேண்டும். அந்தப் பாதியையும் கம்பெனியே ஏற்கும் பாலிசி பத்து வருஷக் காருக்குக் கிடைப்பது அரிது. ஒரு பம்பர் உடைந்தால் அதன் அருமை தெரியும்.

இப்போது பாதுகாப்புக்கு வருகிறேன். இதில் எதிரணியின் அக்கறையை மதிக்கிறேன், என் பிள்ளைகளும் காரில்தான் வருகிறார்கள். 2012-ல் வந்த ஜெர்மன் கார் அன்றைய நம் சின்னக் கார்களைவிடப் பாதுகாப்பானது, மறுக்கவில்லை. அன்றைக்குப் பல சின்னக் கார்களின் ஆரம்ப மாடலில் ஒரு ஏர்பேக்கூடக் கிடையாது. ஆனால் நாம் கார் வாங்கப் போவது 2012-ல் இல்லையே. 2018-ல் டாடா நெக்ஸான், காரை மோதவிட்டுப் பார்க்கும் குளோபல் என்கேப் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கியது. 2024 நவம்பரில் மாருதி டிசையர் வாங்கியது. 2025-ல் வேகன் ஆரின் எல்லா மாடலிலும் ஆறு ஏர்பேக் வந்துவிட்டது.

பழைய காரின் பாதுகாப்பு, அதை வைத்திருப்பவரின் பையைப் பொறுத்தது. இருக்கிற பணத்தையெல்லாம் போட்டு வாங்கியவர் முதலில் தள்ளிப்போடுவது டயரைத்தான். அந்தக் கார்கள் பலவற்றில் பஞ்சரானாலும் கொஞ்ச தூரம் ஓடும் ரன்-ஃப்ளாட் டயர் இருக்கும், ஸ்டெப்னி இருக்காது. அந்த டயர் விலை அதிகம். அடுத்த தடவை ஒரு பழைய சொகுசுக் காரைப் பார்த்தால் குனிந்து டயரின் பக்கவாட்டைப் படியுங்கள். நான்கு எண் இருக்கும். 1816 என்றிருந்தால் 2016-ஆம் வருஷம் பதினெட்டாவது வாரம் செய்த டயர். கிட்டத்தட்ட பத்து வருஷப் பழசு. அந்த டயரோடு நாற்கர சாலையில் 120-ல் போகிறவரை எந்தக் கனமான இரும்பு காப்பாற்றும்? சாவியைப் போட்டதும் ஏர்பேக் விளக்கு எரிந்து அணைகிறதா என்றும் பாருங்கள். எரியவே இல்லை என்றால், ரிப்பேருக்குப் பணமில்லாத யாரோ அந்த விளக்கையே செயலிழக்கச் செய்திருக்கலாம். உள்ளே ஏர்பேக் வேலை செய்யுமா என்று அதில் போகிற குழந்தைக்கு எப்படித் தெரியும்?

சரி, எங்கள் அணியின் கணக்கு என்ன? 2025 செப்டம்பர் 22 முதல் சின்னக் கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு முன் 28 சதவீதமும் அதற்கு மேல் செஸ் என்ற கூடுதல் வரியும். இன்றைக்கு ஏழு லட்சத்துக்குள் வரி, பதிவு, காப்பீடு எல்லாம் சேர்த்து ஒரு நல்ல சின்னக் கார் வாசலுக்கு வரும். மூன்று லட்சம் வங்கியில் கிடக்கும். புதுசு வாங்கினால் ஷோரூம் வாசலைத் தாண்டும்போதே விலை விழும் என்ற எதிரணியின் வாதம் சரிதான். அப்படியானால் மூன்று வருஷம் ஓடிய ஸ்விஃப்ட்டையோ ஐ20-யையோ வாங்குங்கள். அந்த நஷ்டத்தையும் முதல் ஓனரே தாங்கியிருப்பார், அதோடு பாகம் எங்கள் ஏணிக்கு மேலேயே இருக்கும்.

மிச்சம் இருப்பது அந்த ஆசை. என் மாமாவுக்குப் பத்து வயதில் ஊர் மில் முதலாளியின் காரைத் துடைக்கும் வேலை இருந்தது. துடைக்கலாம், உள்ளே உட்காரக் கூடாது. ஐம்பது வருஷம் அந்த ஆசையைச் சுமந்தார். அதை யாரும் தப்பு சொல்ல முடியாது. ஆனால் கார் வந்த பிறகு அவர் எப்படி இருந்தார் என்பதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். ஸ்பீடு பிரேக்கர் வந்தால் முகம் சுருங்கும். டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தால் அன்றைக்கு இரவு சாப்பாடு இறங்காது. கல்யாணத்துக்குப் போனால் மண்டபத்துக்குள் உட்காராமல் காரைப் பார்த்துக்கொண்டு வாசலில் நிற்பார். அத்தை ஒரு நாள் என்னிடம் சொன்னார்: "உங்க மாமா இப்பெல்லாம் போன் அடிச்சாலே பயப்படறார்ப்பா, ஒர்க் ஷாப்காரனோன்னு." ஓய்வு பெற்ற மனிதனுக்கு அந்தப் பயம் தேவையா, நடுவர் அவர்களே? அவர் ஆசைப்பட்டது நிம்மதியாகச் சாய்ந்து உட்கார. அந்த சீட்டில் ஒரு நாள்கூட அவர் நிம்மதியாகச் சாய்ந்ததை நான் பார்க்கவில்லை.

போன வருஷம் அதை மூன்று லட்சத்துக்குக் குறைவாக விற்றுவிட்டு, மூன்று வருஷம் ஓடிய ஒரு வேகன் ஆர் வாங்கினார். முந்தாநாள் போகிப் பண்டிகைக்கு எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மிச்சி முன் சீட்டிலிருந்து குனியாமல், யார் கையையும் பிடிக்காமல் இறங்கினார். அந்த சீட்டின் உயரம் அவர் இடுப்புக்குச் சரியாக இருக்கிறது. மாமா சாவியை என் பையனிடம் தூக்கிப் போட்டு, "போய் ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருடா" என்று சொல்லிவிட்டுத் திண்ணையில் கால் நீட்டி உட்கார்ந்தார். கார் தெருமுனை திரும்பும்போது அவர் தலையைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை.

தீர்ப்பை எங்கள் அணிக்குத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.