ஒட்டுகிற மண்ணும் பெயர்கிற கல்லும்

(காரைக்குடியில் நூலக வாசகர் கூட்டத்தில் பேசியது)

தலைமை ஏற்றிருக்கும் தமிழாசிரியர் ஐயா அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஆச்சிமார்களே, மதுரையிலிருந்து இந்த வெயிலில் பேருந்து ஏறி வந்திருக்கும் மருத்துவர் அம்மா அவர்களே, ஜமக்காளம் விரித்ததிலிருந்து மோர் ஊற்றியது வரை எல்லாம் பார்த்துக்கொண்ட இளைஞர்களே, அனைவருக்கும் வணக்கம். எனக்குப் போர்த்திய துண்டை அந்த இளைஞர்களுக்கே சேர்ப்பிக்கிறேன்.

மூன்று செய்தி சொல்ல வந்தேன். திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பில் செல் ஒட்டு மூலக்கூறுகள், அதாவது செல்களை ஒட்டவைக்கும் புரதங்கள், செய்யும் வேலை ஒன்று, அதற்கு மருந்து தேடிய கதை இரண்டு, சிறுநீரகத்தைத் தாக்கும் பாம்புக்கடி மூன்று.

"எண்ணெய் தேய்த்து உருண்டு புரண்டாலும் ஒட்டுகிற மண்தான் ஒட்டும்" என்பார் எங்கள் அப்பத்தா. காசுபணத்துக்குச் சொன்னது. 28 ஆண்டு விலங்கியல் நடத்திய எனக்கு அது இரத்தக் குழாயைப் பற்றிச் சொன்னதாகவே படும். சிறுநீரகத்துக்கு இரத்தம் குறைந்து, மறுபடி பாயும்போது, குழாயின் உட்சுவர் செலக்டின் என்ற புரதத்தை நீட்டுகிறது. அதைத் தொட்டுத் தொட்டு வெள்ளையணு உருளும். பிறகு சுவரிலுள்ள ஐகேம்-1 மூலக்கூறை வெள்ளையணுவின் இன்டெக்ரின் என்ற புரதம் இறுகப் பிடிக்கும். உருண்டது ஒட்டிவிட்டது! இரத்த நுண்குழாய்களில் நெரிசல், அழற்சி.

சிறுநீர் நுண்குழலின் உட்பக்கச் செல்களோ, ஆத்தங்குடிக் கல் பதித்த வீட்டுத் தரை மாதிரி. அங்கே இன்டெக்ரின்தான் சாந்து. அடிபட்ட செல்லில் அது அடிப்பக்கத்தை விட்டு மேற்பக்கம் போய்விடும். கல் பெயரும். பெயர்ந்த கல்லோடு கல் ஒட்டிக் குழலையே அடைக்கும்.

நம்மூரில் நடந்ததைச் சொல்கிறேன். கானாடுகாத்தானில் ஒரு வளவு வீட்டைப் பழுதுபார்க்க வந்தார் ஒரு கொத்தனார். எங்கள் வீட்டுச் சுவரும் அவர் கைதான். முட்டை வெள்ளைக்கரு கலந்த சுண்ணாம்பை விரலால் தொட்டே பதம் சொல்வார். அவர் பூசிய சுவரில் முகம் பார்க்கலாம். சித்திரை வெயில். காலை ஏழு மணிக்குச் சாரத்தில் ஏறினால் மதியம்தான் இறங்குவார். தண்ணீர் குடித்தால் ஒண்ணுக்குப் போக இறங்க வேண்டுமே என்று குடிக்கவே மாட்டார். முட்டிவலிக்குப் பெட்டிக்கடையில் மாத்திரை, காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. நாலாம் நாள் அவர் சம்சாரம் என் வீட்டு முகப்பில் வந்து நிற்கிறது. "வாத்தியாரய்யா, நேத்திலேருந்து ஒண்ணுக்கே வரலேங்கிறாக. சூடுன்னு வெந்தயம் ஊறப்போட்டுக் குடுத்தேன்." போய்ப் பார்த்தால் கால் இரண்டும் வீக்கம், பேச்சில் தடுமாற்றம். மதுரைக்கு வண்டி பிடித்தோம். திருப்பத்தூர் தாண்டும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "மேமாடிப் பூச்சு பாதியிலே நிக்குதுய்யா" என்றார். மூன்று முறை இரத்தச் சுத்திகரிப்பு செய்தார்கள். பிழைத்தார். இந்த அரங்கில்தான் இருக்கிறார். எழுந்திருக்கச் சொன்னால் கூச்சப்படுவார்.

உடம்பு வற்றும்போது சிறுநீரகத்துக்குள் போகும் சிறு தமனியைத் திறந்து வைப்பது உடம்பே சுரக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள். டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரை அதைச் சுரக்கவிடாது. தண்ணீரும் இல்லை, தமனியும் சுருங்கிவிட்டது என்றால் நான் முன்னே சொன்ன ஒட்டும் பெயர்வும் தொடங்கிவிடும்.

மருந்துக் கதைக்கு வருகிறேன். ஒட்டுகிற மண்ணையே ஒட்டவிடாமல் தடுத்தால் என்ன என்று கேட்டார்கள். ஐகேம்-1-ஐ மறைக்கும் எதிர்ப்புப்பொருள் (ஆன்டிபாடி) எலிகளின் சிறுநீரகத்தைக் காத்ததாக 1994-இல் ஆய்வு வந்தது. மாற்றுச் சிறுநீரகம் பெற்ற மனிதர்களிடம் பலன் கிட்டவில்லை என்று 1999-இல் வந்தது. ஏன் என்பதை விரிவாகச் சொல்ல ஆசை. தலைவர் மணியைக் கையில் எடுத்துவிட்டார். பாம்புக்கடியை மருத்துவர் அம்மா சொல்லட்டும்.

வாசலில் ஒரு தாள் வைத்திருக்கிறோம். மருத்துவர் சீட்டு இல்லாமல் வலி மாத்திரை கொடுக்க வேண்டாம் என்று நம் பகுதிக் கடைக்காரர்களிடம் கேட்கும் தாள். அவர்களும் நம் பிள்ளைகள்தான், சண்டை வேண்டாம். ஞாயிறு காலை ஆறரைக்கு, கொத்தனாரும் சித்தாளும் வேலைக்குக் கூடும் இடத்துக்கு ஆளுக்கொரு குடம் தண்ணீரோடு போகிறோம். ஆச்சிமார் கையெழுத்துப் போட்டுவிட்டுக் குடத்தையும் கொடுத்தனுப்ப வேண்டும்.