ஆறு மா நிலம் கேட்கிறேன்

(ஜெர்மனி சென்று விளையாடித் திரும்பிய நம் வட்டாரச் சிறுவர் கால்பந்து அணிக்கு நடந்த பாராட்டு விழாவில் ஆற்றிய உரை)

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் ஒன்றியப் பெருமக்களே, பணி நெருக்கடிக்கு நடுவிலும் மயிலாடுதுறையிலிருந்து வந்திருக்கும் விளையாட்டு அலுவலர் அவர்களே, பள்ளித் தலைமையாசிரியை அம்மையார் அவர்களே, குறுவைக்குக் களை எடுத்துவிட்டு வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, பெரியோர்களே, எல்லாருக்கும் முன்னால் என் செல்லப் பிள்ளைகளே, வணக்கம்.

நன்றி சொல்லாமல் பேச்சை ஆரம்பித்தால் எனக்குத் தூக்கம் வராது. நம் அரிசி ஆலை முதலாளி, வாசலுக்குப் போய் நின்றதும், "எத்தனை பிள்ளைங்க, எத்தனை டிக்கெட்?" என்று மட்டும்தான் கேட்டார். வேறு ஒரு கேள்வி இல்லை. தரங்கம்பாடி மீனவப் பஞ்சாயத்தார், ஒரு நாள் பிடித்த மீனில் ஒரு பங்கை ஒதுக்கித் தந்தார்கள். மீன்பிடித் தடைக்காலம் வருவதற்கு முன்னால், கையில் காசு தேவைப்படும் நேரத்தில் தந்தார்கள் என்பதை இந்தக் கூட்டம் மறக்கக் கூடாது. சிங்கப்பூரிலும் துபாயிலும் வேலை பார்க்கும் நம் ஊர் இளைஞர்கள் ஓவர்டைம் பணத்தை அனுப்பினார்கள். கடைத்தெருவில் தையல் கடை வைத்திருக்கும் நம் அண்ணன், ஜெர்சி அத்தனையையும் கூலி வாங்காமல் தைத்துக் கொடுத்தார். பிறப்புச் சான்றிதழில் பெயர் ஏற்றவும், இனிஷியலை விரித்து எழுதவும், பெற்றோர் சம்மதக் கடிதம் தயாரிக்கவும் எங்களோடு அலைந்த கிராம நிர்வாக அலுவலருக்கும், விசா நேர்காணலுக்குச் சென்னைக்கு வேன் ஓட்டிய தம்பிக்கும் கைத்தட்டல் கொடுங்கள். இன்னும் பலமாக.

இன்று மூன்று விஷயம் பேச வந்திருக்கிறேன். ஒன்று, பயணம். இரண்டு, அங்கே பார்த்த பயிற்சி முறை. மூன்று, பெண் பிள்ளைகளின் கால்பந்து. மூன்றுக்கும் அடியில் ஒரே பழமொழிதான் இருக்கிறது. என்னிடம் படித்தவர்களுக்கு அது என்னவென்று தெரியும். சுவர் இருந்தால்தான் சித்திரம்.

பயணத்துக்கு வருகிறேன். "ஜெர்மனி எங்கே, நம்ம ஊர் எங்கே" என்று பல பேர் கேட்டார்கள். நமக்கும் ஜெர்மனிக்கும் முந்நூறு வருஷத்துக்கு மேலான பழக்கம். 1706 ஜூலை 9-ம் தேதி, டென்மார்க் அரசர் அனுப்பி, கப்பலில் தரங்கம்பாடியில் வந்து இறங்கியவர் பாதிரியார் சீகன்பால்கு. ஜெர்மனியில் புல்ஸ்னிட்ஸ் என்ற ஊரில் பிறந்தவர், ஹாலே நகரத்தில் படித்தவர். மணலில் எழுதிப் பழகும் சிறுவர்களோடு உட்கார்ந்து தமிழ் கற்றார். 1715-ல் அச்சேறிய தமிழ்ப் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்தவர் அவர்தான், பொறையாறு பக்கம் காகித ஆலை வைத்ததும் அவருடைய மிஷன்தான். அவரோடு 1714-ல் கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போனார் மலையப்பன் என்ற தமிழ் இளைஞர். ஆக, இந்தக் கரையிலிருந்து ஜெர்மனிக்குப் போன முதல் பிள்ளைகள் நம் பிள்ளைகள் அல்ல. அந்த ஹாலே நகரத்துக்குத்தான் நாங்கள் போனோம். சீகன்பால்குவின் ஆசிரியர் பிராங்கே தொடங்கிய நிறுவனத்தில் தமிழ் ஓலைச்சுவடிகளை இன்றும் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த ஓலையில் ஒரு 'க'வையும் ஒரு 'ம'வையும் அடையாளம் கண்டுபிடித்து நம் பிள்ளைகள் போட்ட கூச்சலில் காவலர் ஓடி வந்துவிட்டார். பிறகு அவரும் அவர்களோடு நின்று பார்த்தார்.

சாப்பாடு பற்றி எல்லா அம்மாக்களும் கேட்டீர்கள். பிள்ளைகள் ஊர்க்காரர்கள் வீடுகளில் இரண்டு இரண்டு பேராகத் தங்கினார்கள். ரொட்டி, உருளைக்கிழங்கு, பால், பழம். ஒரு வீட்டு அம்மா தினமும் சோறு வடித்தே போட்டார். ஒருவரும் பசியோடு படுக்கவில்லை. ஜூன் மாதத்தில் அங்கே இரவு ஒன்பதரைக்கும் வெளிச்சம் இருப்பதால், படுக்க வைப்பதுதான் பெரும் பாடாக இருந்தது.

இப்போது ஒரு கதை. கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஹாலேக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். நம் ஊரைவிடச் சின்னது. ஒரு தேவாலயம், ஒரு ரொட்டிக் கடை, சுற்றிக் கோதுமை வயல். அவ்வளவுதான் ஊர். ஆனால் அந்த ஊருக்கு இரண்டு புல் மைதானம் இருக்கிறது! உடை மாற்ற அறை, சின்னதாக ஒரு சங்கக் கட்டடம், அதன் வாசலில் பூட்ஸ் அடியில் ஒட்டும் சேற்றைத் தேய்ப்பதற்கென்று தரையோடு பதித்த பிரஷ்கள். பெந்தகோஸ்தே என்ற கிறிஸ்தவப் பண்டிகை விடுமுறையை ஒட்டி நடக்கும் சிறுவர் போட்டிக்குத்தான் நம் அணியை அழைத்திருந்தார்கள்.

போய்ச் சேர்ந்த அன்று மத்தியானம் நல்ல மழை. சாயங்காலம் மழை விட்டதும் பிள்ளைகள் பூட்ஸ் மாட்டிக்கொண்டு பயிற்சிக்குத் தயாராகிவிட்டார்கள். அப்போது ஒரு பெரியவர் வந்தார். எழுபது வயசுக்கு மேல் இருக்கும். முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ், இடுப்பில் சாவிக்கொத்து. மைதானத்தை அவர்தான் பார்த்துக்கொள்கிறார். யாரிடமும் பேசவில்லை. நடு மைதானம் வரைக்கும் நடந்தார், குதிகாலை ஊன்றி அழுத்தினார். புல்லுக்கு அடியிலிருந்து தண்ணீர் கசிந்தது. திரும்பி வந்து, கேட்டில் ஒரு பலகையை மாட்டினார். மைதானம் மூடப்பட்டது என்று அதற்கு அர்த்தமாம். அங்கே மேல்படிப்புப் படிக்கும் மன்னார்குடித் தம்பி ஒருவர் எங்களுக்குத் துணையாக வந்திருந்தார், அவர்தான் படித்துச் சொன்னார்.

நம் பிள்ளைகள் விடுவார்களா? "சார், ஐப்பசி மழையில ஆடுற ஆளுங்க நாம. இதெல்லாம் ஒரு மழையா? சொல்லுங்க சார்" என்று என் கையைப் பிடித்து இழுக்கிறார்கள். நம் கோல்கீப்பர் அந்தப் பெரியவர் முன்னால் போய்க் கையெடுத்துக் கும்பிடுகிறான். தம்பி ஜெர்மன் மொழியில் கெஞ்சிப் பார்க்கிறார். பெரியவர் தலையை ஆட்டுகிறார், முடியாது. உள்ளூர் அணியின் பயிற்சியாளரே வந்து கேட்டார். அவருக்கும் அதே பதில்தான்.

அப்போது நம் அணியில் இடதுபக்கத் தடுப்பில் ஆடும் பையன், ஆக்கூர் பக்கத்துக் குத்தகை விவசாயி வீட்டுப் பிள்ளை, வாயைத் திறந்து பேசவே மாட்டான், உங்களுக்குத் தெரியும், அவன் போய் மைதான ஓரத்தில் குந்தினான். புல்லை விரலால் கோதினான். மண்ணைக் கிள்ளிப் பார்த்தான். எழுந்து வந்து சொன்னான்: "சார், வாங்க போயிடுவோம். இது நாத்தங்கால் மாதிரி. இந்த ஈரத்துல மிதிச்சா வேர் அறுந்துடும். எங்க தாத்தா நாத்தங்கால்ல கோழி இறங்கினாலே அடிக்க ஓடுவாரு."

தம்பி இதை மொழிபெயர்த்தார். பெரியவர் பையனை ஏற இறங்கப் பார்த்தார். கோழி விஷயத்தை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னதும் சிரித்தார் பாருங்கள், அதுவரைக்கும் சிரிக்காத மனுஷன்! பையன் தோளில் கைபோட்டு ஒரு கொட்டகைக்கு அழைத்துக்கொண்டு போனார், நாங்கள் எல்லாரும் பின்னாலேயே போனோம். உள்ளே புல் வெட்டும் வண்டி, வாரி, புல் விதை மூட்டை, எல்லைக்கோடு போடும் தள்ளுவண்டி. ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் பெயர்ந்த இடத்தைத் தேடித் தேடி மண் போட்டு விதை தூவுவாராம். சம்பளம் எவ்வளவு என்று கேட்டோம். சம்பளமே கிடையாது. சின்ன வயசில் அதே மைதானத்தில் ஆடியவர், இப்போது காத்துக்கொண்டிருக்கிறார்.

மறுநாள் காலை ஆறு மணிக்குப் படுக்கையில் பையனைக் காணோம். எனக்கு நெஞ்சு பதறிவிட்டது. ஓடிப் போய்ப் பார்த்தால், மைதானத்தில் கயிறு கட்டி, அதன் மேலேயே அந்த வண்டியைத் தள்ளிக்கொண்டு வருகிறான். பக்கத்தில் பெரியவர் விரலை நீட்டிக் காட்டிக்கொண்டே நடக்கிறார். அன்றைய முதல் ஆட்டத்துக்குப் பக்கக்கோடு போட்டது நம் டெல்டாப் பிள்ளை! ஒலிபெருக்கியில் அதைச் சொன்னபோது அந்த ஊரே கை தட்டியது. அந்த ஆட்டத்தில் ஐந்து கோல் வாங்கித் தோற்றோம், அது வேறு. மூன்றாவது ஆட்டத்தில் 2-1 என்று ஜெயித்தோம்.

அந்தப் பையனின் தாத்தா முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். ஐயா, கொஞ்சம் எழுந்து நில்லுங்கள். கூச்சப்படாதீர்கள், நில்லுங்கள். தலைவர் அவர்கள் இவருக்கு ஒரு துண்டு போர்த்த வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சரி, பயிற்சி முறைக்கு வருகிறேன். ஜெர்மனி நான்கு முறை உலகக் கோப்பையை வென்ற நாடு, 1954, 1974, 1990, 2014. அப்படிப்பட்ட நாடே 2000-ம் ஆண்டு ஐரோப்பியக் கோப்பையில் முதல் சுற்றோடு வெளியே போனது. அவர்கள் ஆளை ஆள் குறை சொல்லிக்கொண்டு நிற்கவில்லை. நாடு முழுக்க முந்நூறுக்கும் மேற்பட்ட இடங்களில் சிறுவர் பயிற்சி மையங்களைத் திறந்தார்கள். அப்படி வளர்ந்த தலைமுறைதான் 2014-ல் கோப்பையைத் தூக்கியது. எப்படி முடிந்தது? மையம் திறக்க ஊருக்கு ஊர் மைதானம் இருந்தது. அந்த நாட்டில் ஏறத்தாழ 24,000 கால்பந்துச் சங்கங்கள், 70 லட்சத்துக்கு மேல் உறுப்பினர்கள். மைதானம் பெரும்பாலும் ஊர் நிர்வாகத்தின் நிலம், அதைச் சங்கம் பராமரிக்கும். ஏழு பேர் சேர்ந்தால் ஒரு சங்கத்தைப் பதிவு செய்யலாம். நமக்கு மட்டும் என்ன குறைச்சல்? தமிழ்நாட்டிலும் 1975-ம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டம் இருக்கிறது, இங்கேயும் ஏழு பேர் போதும். இந்தப் பந்தலில் எத்தனை ஏழு பேர் உட்கார்ந்திருக்கிறோம்!

ஆள் இருக்கிறது, திறமை இருக்கிறது. 1960 ரோம் ஒலிம்பிக்கில் பெரு நாட்டுக்கு எதிராக இந்தியாவுக்காகக் கோல் போட்டவர் தமிழ்நாட்டுக்காரர் சைமன் சுந்தரராஜ். 1951-லும் 1962-லும் ஆசிய விளையாட்டில் கால்பந்துத் தங்கம் வாங்கிய நாடு இது. 1956-ல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காவது இடம். அதற்குப் பிறகு சித்திரத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருக்கிறோம். சுவர் எங்கே?

நம் திடலையே எடுத்துக்கொள்ளுங்கள். நான் பி.டி. வாத்தியாராகச் சேர்ந்த காலத்தில் ஏரிக்கரை வரைக்கும் இருந்தது. வடக்கே ஒரு ஓரத்தில் கொட்டகை வந்தது, கிழக்கே குப்பை வந்தது, நடுவில் ஒரு பாதை விழுந்தது. இன்றைக்கு ஒரு கோல் போஸ்ட்டுக்குப் பின்னால் பந்து போனால் எருக்குழியில்தான் தேட வேண்டும். தை, மாசியில் பிள்ளைகளுக்குப் பனியும் வெயிலும் இதமாக இருக்கிற ஆட்டக் காலம். அப்போதுதான் சம்பா அறுவடை. கொள்முதலுக்குக் காத்திருக்கும் நெல் முழுக்கத் திடலில்தான் குவிந்து கிடக்கிறது. லாரி போய் வந்த தடத்தில் பங்குனி வரைக்கும் கால் வைக்க முடியாது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நான் நெல்லுக்கு எதிரி அல்ல. நானும் விவசாயி மகன். மூட்டை நனைந்து முளைவிட்டால் என் வயிறும் எரியும். நெல்லுக்குச் சிமெண்டுக் களமும் கூரையும் வேண்டும், அதையும் சேர்த்தேதான் கேட்கிறேன். களம் இல்லாததால்தான் விவசாயி பிள்ளைகளின் திடலில் நெல்லைக் கொட்டுகிறார். அந்தப் பிள்ளைகளும் அவர் பிள்ளைகள்தானே. இரண்டு தேவையையும் ஒரே மண்ணில் மோதவிட்டு நாம் வேடிக்கை பார்க்கக் கூடாது.

எவ்வளவு நிலம் வேண்டும்? சர்வதேச அளவு மைதானம் 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம். சுற்றிலும் ஆள் நிற்க இடம் விட்டால் இரண்டு ஏக்கர். நம் கணக்கில் ஆறு மா. இருபது மா சேர்ந்தது ஒரு வேலி நிலம், அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை! வேலி வேலியாக நிலம் எழுதி வைத்த ஊர்கள் இவை. பிள்ளைகளுக்கு ஆறு மா ஒதுக்க மாட்டோமா? அதுவும் புதிதாகக் கேட்கவில்லை. ஏற்கெனவே இருக்கிற ஊர்த் திடலை அளந்து, கல் நட்டு, மார்கழி வெள்ளம் தேங்காதபடி ஒரு முழம் மண் ஏற்றி, புல் போட்டுக் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன். செம்பனார்கோயில் வட்டாரத்தில் ஒவ்வோர் ஊராட்சிக்கும் இப்படி ஒன்று வர வேண்டும். நம் ஊர் முதல் ஊராக இருக்கட்டும். விளையாட்டு அலுவலர் ஐயா அவர்கள், விளையாட்டுச் சாமான் வாங்க நிதி இருக்கிறது என்று சற்று முன் சொன்னார்கள், அதற்குக் கோடி நன்றி. ஆனால் ஐயா, பந்தும் வலையும் வந்தால் அவற்றை எங்கே கட்டுவது? சுவர் இருந்தால்தான் சித்திரம்.

பெண் பிள்ளைகளைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும். ஜெர்மனியிலேயே 1955-லிருந்து 1970 வரைக்கும் பெண்கள் சங்கங்களில் கால்பந்து ஆடத் தடை இருந்தது. தடை போன பிறகு 2003-லும் 2007-லும் உலகக் கோப்பையைக் கொண்டுவந்தார்கள் அந்த நாட்டுப் பெண்கள். நாங்கள் போன கிராமத்தில் இரண்டாவது மைதானத்தில் தினமும் சாயங்காலம் சிறுமிகள்தான் ஆடினார்கள். நம் ஊரில் இருக்கிற கொஞ்ச இடத்தையும் பெரிய பையன்கள் பிடித்துக்கொண்டால் பெண் பிள்ளைகள் எங்கே போவார்கள்? திடலை அளக்கும்போது அவர்களுக்கென்று நேரம் ஒதுக்கித் தீர்மானத்திலேயே எழுத வேண்டும். தலைமையாசிரியை அம்மையார் அந்த வாசகத்தை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

தீர்மானம் தயார். வரும் ஆகஸ்ட் 15 கிராமசபையில் இதை வைக்கப் போகிறோம். திடலின் புல எண்ணைப் பதிவேட்டில் விளையாட்டுத் திடல் என்று ஏற்ற வேண்டும், நில அளவையர் வந்து எல்லைக்கல் நட வேண்டும், நெல்லுக்குத் தனிக் களம் வேண்டும், பெண் பிள்ளைகளுக்கு நேரம் வேண்டும். நகல் மேடைக்கு இடப்பக்கம் மேசையில் இருக்கிறது, பேனாவும் மைப்பெட்டியும் இருக்கின்றன. பிள்ளைகளுக்குக் கேடயம் வழங்கும் நேரத்தில் பெற்றோர்கள் ஒவ்வொருவராகப் போய்க் கையெழுத்துப் போடுங்கள், கைநாட்டு வையுங்கள். தாத்தா, முதல் கையெழுத்து உங்களுடையதாக இருக்கட்டும். பிறகு கிராமசபை அன்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். காலையில் கொடியேற்றியதும் அப்படியே ஊராட்சி அலுவலகத்துக்கு வந்துவிடுங்கள், நானும் பிள்ளைகளும் வாசலில் நிற்போம்.

வாய்ப்பளித்த தலைவர் அவர்களுக்கு நன்றி. வணக்கம்.