ஒரே எல்.சி.எஸ்.டபிள்யூ: நியூயார்க்ல சீனியர், பாஸ்டன்ல ஜூனியர்!

[திரையில்: ரெண்டு விசிட்டிங் கார்டு]

ரெண்டு கார்டுலயும் பேருக்குப் பின்னாடி எல்.சி.எஸ்.டபிள்யூ, அமெரிக்காவுல சோஷியல் ஒர்க்கருக்கு (சமூகப் பணியாளருக்கு) மாநிலம் தர்ற லைசென்ஸ். நியூயார்க் கார்டுக்காரர் எம்.எஸ்.டபிள்யூவுக்கு (சமூகப் பணி முதுகலைப் பட்டம்) அப்புறம் வருஷக்கணக்குல மேற்பார்வையில வேலை பார்த்து, கிளினிக்கல் தேர்வு எழுதினவர். பாஸ்டன் கார்டு? மாசசூசெட்ஸ்ல அது எம்.எஸ்.டபிள்யூ முடிச்ச கையோட வாங்குற முதல் படி. அங்க சீனியருக்கு நடுவுல ஒரு 'ஐ' சேரும்: எல்.ஐ.சி.எஸ்.டபிள்யூ.

சில வீட்டுல 'அய்யா'ன்னா அப்பா, சில வீட்டுல தாத்தா. அந்தக் கதைதான். நியூயார்க், டெக்சாஸ்ல முதல் படி லைசென்ஸுக்குப் பேரு எல்.எம்.எஸ்.டபிள்யூ. மிச்சிகன்ல அதே எல்.எம்.எஸ்.டபிள்யூ வாங்க 4000 மணி நேரம் மேற்பார்வையில உழைக்கணும். நியூஜெர்சி, பென்சில்வேனியாவுல முதல் படிக்குப் பேரு எல்.எஸ்.டபிள்யூ. கலிபோர்னியாவுல இந்தப் படியே கிடையாது. அசோசியேட்டா பதிஞ்சு 3000 மணி நேர மேற்பார்வை வேலைக் கணக்கை ஆரம்பிக்கணும். இல்லினாய்ஸ் 2022-ல இருந்து எல்.எஸ்.டபிள்யூவுக்குத் தேர்வே வேண்டாம்னுடுச்சு! அதனால எந்த மாநிலம்னு முடிவு பண்ணாம பைசா கட்டாதீங்க.

பட்டம்: சி.எஸ்.டபிள்யூ.இ (அமெரிக்காவோட சமூகப் பணிக் கல்வி கவுன்சில்) அங்கீகாரம் பெற்ற எம்.எஸ்.டபிள்யூ. சென்னையில படிச்சவங்க அதே அமைப்புகிட்ட சமநிலை மதிப்பீடு வாங்கணும். ஃபீல்டு ஒர்க் எத்தனை மணி நேரம்னு காலேஜ் லெட்டர்ஹெட்ல எழுதி வாங்கிட்டு விமானம் ஏறுங்க. அங்க போய் உட்கார்ந்து கேட்டா கதை நீளும்.

பெரும்பாலான மாநிலங்கள்ல முதல்ல லைசென்ஸ் தர்ற மாநில போர்டு ஓகே சொல்லணும், அப்புறம்தான் தேர்வை நடத்துற அமைப்பான ஏ.எஸ்.டபிள்யூ.பி-ல 230 டாலர் கட்டி மாஸ்டர்ஸ் தேர்வுக்குப் பதிவு. பல வருஷமா இருக்கிற வடிவம் 170 கேள்வி, 4 மணி நேரம். அதுல 20 கேள்விக்கு மார்க்கே கிடையாது, எது அந்த 20-னு யாருக்கும் தெரியாது! கேள்வி எண்ணிக்கையைக் குறைச்சு 2026-ல புது வடிவம்னு அறிவிச்சிருக்காங்க; பதியும்போது கையேட்டைப் பாருங்க. ஃபெயில் ஆனா 90 நாள் காத்திருப்பு.

தேர்வுல மாட்டிக்கிற இடம், 'முதலில் என்ன செய்வீர்கள்?'ங்கிற கேள்வி. பத்து வயசுப் பையன் கையில தழும்பு, 'அப்பா பெல்ட்டால அடிச்சார்'ங்கிறான். அப்பாவைக் கூப்பிட்டுப் பேசறதா? டீச்சர்கிட்ட விசாரிக்கிறதா? குழந்தைப் பாதுகாப்புத் துறைக்குச் சொல்றதா? நம்ம கை தானா முதல் விடைக்குப் போகும், 'கூப்பிட்டு ஒரு வார்த்தை சொன்னா ஆச்சு'னு. விடை மூணாவது. நியாயமான சந்தேகம் இருந்தாலே தகவல் சொல்றது சட்டக் கடமை. ஆதாரம் தேடறது துறையோட வேலை. முதல்லயே அப்பாவைக் கூப்பிட்டா, அன்னிக்கு ராத்திரி வீட்டுல அந்தப் பையன் கதி?

அடுத்து, இனிஷியல்காரங்களே, உங்களுக்குத்தான்! பதிவுல இருக்கிற பேரும் அடையாள அட்டைப் பேரும் ஒண்ணா இருக்கணும். பதிவுல 'கே. செல்வி', பாஸ்போர்ட்ல 'செல்வி கருப்பையா'ன்னா வாசல்லயே திருப்பி அனுப்பலாம், கட்டின பணம் போச்சு. பாஸ்போர்ட்ல சர்நேம் கட்டம் காலியா? விசாவுல உங்க முதல் பேர் எஃப்.என்.யூ, அதாவது 'முதல் பேர் தெரியாது'! பெத்தவங்க ஆசையா வச்ச பேரு சர்நேமுக்குக் குடிபோயிடும். தேர்வுத் தேதி எடுக்கிறதுக்கு முன்னாடியே போர்டு, ஏ.எஸ்.டபிள்யூ.பி, அட்டை மூணுலயும் பேரை எழுத்து எழுத்தா ஒத்துப் பாருங்க.

உங்க விசாவுலயும் எஃப்.என்.யூதானா? கமெண்ட்ல சொல்லுங்க, ஒரு சங்கமே ஆரம்பிச்சிடலாம்.