உப்புக்காற்றில் உழைக்கும் பேட்டரி டிரில்

வானொலி நேயர்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

மண்டபம் கரையில் படகு வேலையும் வீட்டுத் தச்சு வேலையும் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறவன் நான். பேட்டரியில் இயங்கும் டிரில் ஒன்றை நம் பகுதி மக்கள் எப்படிப் பார்த்து வாங்க வேண்டும் என்பதைச் சொல்லவே இன்று வந்திருக்கிறேன்.

இக்கருவி நமக்கு வேண்டும் என்பதற்கு நான் முதலாவதாகச் சொல்லும் காரணம் உயிர்ப் பாதுகாப்பு. கரையேற்றிய வள்ளத்தில் துளை போடுவதற்காக, பக்கத்து வீட்டிலிருந்து வயரை இழுத்து ஈரமணலில் கிடத்தி, உப்புநீரில் கால் நனைந்தபடியே 230 வோல்ட் மின்சாரத்தில் ஓடும் டிரில்லைக் கையில் பிடித்திருக்கும் வழக்கம் இன்னும் நம்மிடையே இருக்கிறது. வயரில் எங்காவது உறை கிழிந்திருந்தால் அது ஆளைக் கொன்றுவிடும். 18 வோல்ட் பேட்டரியில் ஓடும் டிரில்லில் அந்த அபாயம் இல்லை.

கடைக்குப் போனால் 18, 20, 21 எனப் பல எண்கள் பெட்டிகளில் அச்சிடப்பட்டிருப்பதைக் காணலாம். இவை பெரும்பாலும் ஒன்றே. லித்தியம் அயன் செல் ஒன்றின் சராசரி அழுத்தம் 3.6 வோல்ட், ஐந்து செல்களை வரிசையாக இணைத்தால் 18 வோல்ட் கிடைக்கிறது. முழுமையாகச் சார்ஜ் ஏறியவுடன் ஒவ்வொரு செல்லும் 4.2 வோல்ட் காட்டுவதால் அதுவே 21 என்றும் எழுதப்படுகிறது. ஐந்து செல் வரிசை மட்டுமே கொண்ட பேட்டரியின் மேல் 48 என்று எழுதியிருந்தால், அந்த எண்ணுக்காக ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். நீங்கள் கேட்க வேண்டியது எத்தனை ஆம்பியர்-ஹவர், அதாவது பேட்டரி எவ்வளவு மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் என்பதைத்தான். 18 வோல்ட்டில் 2 ஆம்பியர்-ஹவர் பேட்டரி 36 வாட்-ஹவர் ஆற்றலைத் தரும். 4 ஆம்பியர்-ஹவர் என்றால் அதைப்போல் இரு மடங்கு. பெரிய பேட்டரி ஒன்றைவிடச் சிறிய பேட்டரி இரண்டையே நான் விரும்புகிறேன், ஏனெனில் ஒன்று சார்ஜில் இருக்கும்போது மற்றொன்றால் வேலை நடக்கும், கையும் களைக்காது.

நம் கரையில் டிரில்லின் ஆயுளைத் தீர்மானிப்பது உப்புக்காற்று. 1914ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பாம்பன் ரயில் பாலத்தின் இரும்பையே ஓயாமல் அரித்த காற்று, பேட்டரி முனையிலுள்ள மெல்லிய தகட்டை விட்டுவைக்குமா? பெயர் தெரியாத டிரில் ஒன்றை விலை குறைவு என்று நான் வாங்கினேன்; ஒரே ஒரு மழைக்காலத்தில் அதன் முனைகளில் பச்சை பூத்துச் சார்ஜ் ஏறாமல் போனது, மாற்றுப் பேட்டரியும் எங்கும் கிடைக்கவில்லை. டிரில் நல்ல நிலையில் இருக்க, பேட்டரி இல்லாத ஒரே காரணத்தால் அதை மூலையில் போட வேண்டியிருந்தது இன்றும் எனக்கு வருத்தம்தான். ஆகவே மாற்றுப் பேட்டரி தனியாகக் கிடைக்குமா, பழுது பார்க்கும் இடம் இராமநாதபுரத்திலோ மதுரையிலோ உண்டா என்பதை விசாரித்த பிறகே விலை பேசுங்கள். உள்ளே உரசி மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ் இல்லாத மோட்டார் கிடைத்தால், சற்றுக் கூடுதல் விலையானாலும் அதையே எடுங்கள். தேய்வதற்குப் பிரஷ் இல்லை, அதே சார்ஜில் கூடுதல் நேரமும் ஓடும்.

சுத்தியல்போல் அடித்துத் துளைக்கும் வசதி வேண்டுமா என்பது உங்கள் வேலையைப் பொறுத்தது. கான்கிரீட்டில் எப்போதாவது 6 மில்லிமீட்டர் துளை போடுவதற்கு அது போதும். நாள் முழுவதும் அதே வேலை என்றால் அதற்கான ரோட்டரி ஹாமரே சரி. ஆனால் பவளக் கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டிய பழைய வீடுகள் நம் கரையில் இன்னும் இருக்கின்றன. அச்சுவர்களில் அடிக்கும் முறையைப் பயன்படுத்தினால் கல் பொரிந்து உதிர்ந்துவிடும். அங்கே அடிப்பை நிறுத்திவிட்டு, மெதுவான வேகத்தில் பொறுமையாகத் துளைக்க வேண்டும். படகில் ஸ்டெயின்லெஸ் தகட்டைத் துளைக்கும்போதும் அதே மெதுவான வேகம்தான். அதோடு நன்றாக அழுத்தி, சிறிது எண்ணெயும் விட வேண்டும், இல்லையேல் துளையிடும் கம்பியான பிட் சூடேறி மழுங்கிவிடும். அதனால் இரண்டு வேகக் கியர் உள்ள டிரில்லாகப் பார்த்து வாங்குங்கள்.

வேலை முடிந்ததும் பேட்டரியைக் கழற்றி, உலர்ந்த துணியால் முனைகளைத் துடைத்து, மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். சித்திரை வெயிலில் தகரக் கொட்டகையிலோ வண்டிப் பெட்டியிலோ அதை விட்டுவிடாதீர்கள். சூடாக இருக்கும் பேட்டரியை உடனே சார்ஜில் போடாமல், நிழலில் ஆறவிட்டுப் போடுங்கள். மீன்பிடித் தடைக்காலத்தில் தச்சு வேலையும் இல்லாமல் பல வாரங்கள் எடுக்கப்போவதில்லை என்றால், பாதிச் சார்ஜில் வைத்துவிடுங்கள்.

வணக்கம்.