போர் வந்தால் மழையும் ராணுவ ரகசியம்

(திரையில்: மோல்மீன், மே மாதம். ஆற்றின் மேல் கறுத்துத் திரளும் வானம்.)

வணக்கம். பர்மாவின், அதாவது இன்றைய மியான்மரின், மோல்மீனிலிருந்து பேசுகிறேன். ஆண்டுக்கு 4,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும் ஊர் இது. மே மாதம் பாதி கழிந்துவிட்டால் கோவிலுக்குப் போனாலும் கடைக்குப் போனாலும் கையில் குடை இருக்கும். "நாளைக்கு மழை வருமா?" என்று அப்போது யாராவது கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் அந்தக் கேள்விக்கான பதிலை அரசுகளே பூட்டி வைத்த காலம் ஒன்று உண்டு.

1939 செப்டம்பரில் இரண்டாம் உலகப் போர் தொடங்கியதும் பிபிசி வானொலியில் வானிலை அறிக்கை நின்றது. மீண்டும் வந்தது 1945 மே மாதத்தில். ஜப்பானும் 1941 டிசம்பர் 8 முதல் அதையே செய்தது. பர்மாவுக்காக மோதிக்கொண்ட பிரிட்டன், ஜப்பான் இரு தரப்புக்கும் வேறு எதில் ஒற்றுமை இருந்ததோ, இதில் இருந்தது.

(திரையில்: வங்காள விரிகுடாவின் வரைபடம். கிழக்கிலிருந்து மேற்கே நகரும் அம்புகள்.)

காரணம் எளிது. இன்று பர்மாவின் தலைநகர் ரங்கூனின் (இப்போது யாங்கோன்) வானம் எப்படி இருந்தது என்று தெரிந்தவனால், நாளை எங்கே விமானம் பறக்கலாம், எங்கே குண்டு போடலாம் என்று கணிக்க முடியும். தென்சீனக் கடலில் தோன்றும் தாழ்வழுத்தம் சில சமயம் சயாமையும் (தாய்லாந்து) பர்மாவையும் தாண்டி வங்காள விரிகுடாவில் இறங்கும். அதனால் கிழக்கே என்ன நடக்கிறது என்பது மேற்கே இருப்பவருக்கு முன்னறிவிப்பு.

இந்தியாவிலிருந்து பர்மா பிரிந்த 1937இல்தான் இங்கே வானிலைத் துறையும் தனியானது. ரங்கூனில் முதல் குண்டு விழுந்த 1941 டிசம்பர் 23 அன்று அதற்கு ஐந்து வயதுகூட நிறையவில்லை. 1942 மார்ச் 8இல் ரங்கூன் வீழ்ந்தது. அதன்பின் கல்கத்தாவில் இருந்த வானிலைக்காரர்களுக்குக் கிழக்கே கண் தெரியவில்லை. கப்பல்களும் எதிரிக்குப் பயந்து வயர்லெஸ்ஸை மூடிக்கொண்டதால் கடலிலிருந்தும் தகவல் குறைந்தது.

வானிலை நிலையத்து ஊழியரின் வேலை மட்டும் மாறவில்லை. காற்றழுத்தமானியைப் பார்ப்பது, மழைமானியை அளப்பது, எல்லாவற்றையும் எண்களாக்கித் தந்தியில் அனுப்புவது. போர்க்காலத்தில் அந்த எண்களுக்கு மேல் இன்னொரு பூட்டு: சங்கேதம். அவர் அளந்த மழை அவர் தெருக்காரருக்கே தெரியக் கூடாது.

இந்தப் பூட்டு யாரைக் காத்தது என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. 1942 அக்டோபர் 16 அன்று வங்காளத்தின் மேதினிப்பூர் கரையைப் புயல் அடித்தது. சுமார் 14,500 பேரும் 1,90,000 கால்நடைகளும் மாண்டதாக அரசுக் கணக்கு. பர்மாவில் இருக்கும் ஜப்பானியருக்குத் தெரிந்துவிடக் கூடாதென்று அந்தச் செய்தியையே இரண்டு வாரம்போல அமுக்கி வைத்தார்கள். பக்கத்து மாவட்டத்துக்காரன் அரிசி மூட்டையோடு உதவிக்குப் போவதற்குக்கூட வழியில்லை. அமெரிக்காவில் 1943 ஜூலை 27இல் டெக்சாஸ் கரையைப் புயல் தாக்கி 19 பேர் இறந்தார்கள். அங்கே அதன்பிறகு புயல் எச்சரிக்கைக்கு இருந்த தடையைத் தளர்த்தினார்கள்.

(திரையில்: மலைப்பாதை. மூட்டை சுமந்து நடக்கும் மனிதர்களின் கோட்டோவியம்.)

ஆனால் பர்மாப் போரைத் தீர்மானித்த மழை யாருக்கும் ரகசியமாக இருக்கவில்லை. "ஜப்பான்காரன் குண்டு போட்ட வருஷம்" என்று பெரியவர்கள் சொல்லும் அந்த ஆண்டில், தமிழர் உள்பட நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர் ஊரைவிட்டுப் புறப்பட்டார்கள். சிலர் மேற்கே அரக்கான் மலையைத் தாண்டி அக்யாப் துறைமுகத்துக்கு. சிலர் எல்லையூரான தமு வழியாக இந்தியாவின் இம்பாலுக்கு. மழைக்கு முன் மலையைக் கடந்துவிட வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். கடைசியில் வடக்கே ஹூகாங் பள்ளத்தாக்கில் சிக்கியவர்களை மே மாத மழை பிடித்துக்கொண்டது. சேறு, காலரா, மலேரியா, பசி.

தளபதிகளும் அதே பஞ்சாங்கத்தைத்தான் பார்த்தார்கள். 1944 மார்ச்சில் ஜப்பானியப் படை மூன்று வாரச் சாப்பாட்டோடு இம்பாலுக்குக் கிளம்பியது. மழைக்கு முன் முடித்துவிடலாம் என்று கணக்கு. எதிர்த்தரப்பான நேச நாடுகளின் தளபதி மவுண்ட்பேட்டனோ மழையிலும் சண்டையை நிறுத்துவதில்லை என்று முடிவெடுத்திருந்தார். ஜூலையில் ஜப்பானியர் சேற்றில் பின்வாங்கினார்கள்.

1945 ஆகஸ்ட் 22. ஜப்பான் சரணடைந்து ஒரு வாரம் கழித்து, டோக்கியோ வானொலியில் மீண்டும் வானிலை அறிக்கை. அவ்வப்போது மழை பெய்யலாம் என்றார்கள். அன்றிரவு சிறு புயலொன்று நகரத்தைத் தாக்கியது.